பாஷை தெரியாமல் ஜெர்மனியில்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் நாட்டு வழக்கு. விழுப்புரம் ரயில் நிலையத்தில் வண்டி மாற வேண்டிய ஒருவர், எந்த வண்டி எந்த மேடைக்கு வரும் என்பதைப் பலகையைப் பார்த்து அறிவதற்கு முன்பாகவே, பக்கத்தில் நிற்பவரையோ, டீக்கடைக்காரரையோ, போர்ட்டரையோ கேட்டு அறிந்துவிடுகிறார். கேட்பதில் அவருக்குக் கூச்சமில்லை, சொல்வதில் மற்றவர்களுக்குச் சலிப்பில்லை. இவ்விதம் கேட்டுக் கேட்டே வழி நடந்து பழகிய ஒரு ஜன சமூகம், தான் பேசுவது பிறருக்கும் பிறர் பேசுவது தனக்கும் விளங்காத ஒரு தேசத்தில் போய் இறங்கும்போது, கைப்பொருளைப் பறிகொடுத்ததுபோல் திகைத்து நிற்பது இயல்பே.

அந்தத் திகைப்பை இன்று அநுபவிப்பவர்கள் சிலரல்லர். மியூனிக்கிலோ ஸ்டுட்கார்ட்டிலோ மென்பொருள் வேலை பார்க்கும் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் புறப்படும் தாயாரும், ஹனோவர் நகரத்தின் தொழிற் பொருட்காட்சிக்குச் செல்லும் கோயம்புத்தூர் பம்பு உற்பத்தியாளரும், ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடும் புத்தகச் சந்தைக்குச் செல்லும் பதிப்பாளரும், கையில் விசாவும் மனத்தில் சந்தேகமுமாகவே விமானம் ஏறுகிறார்கள். இவர்களுக்குச் சொல்லவேண்டிய முதல் வார்த்தை இதுதான்: ஜெர்மனி, வாயைவிடக் கண்ணை நம்பி நடக்கும் தேசம். சொல்ல வேண்டியவற்றில் பெரும்பகுதியை எழுதியும் எண்ணிட்டும் படம் போட்டும் வைத்துவிடுவது அந்நாட்டாரின் பழக்கம். ஆகையால், அவர்கள் எழுதி வைத்திருப்பதைப் பார்த்துப் படிக்கும் பொறுமை உடையவனுக்கு, பேச வராதது பெருங்குறையாவதில்லை.

இந்தப் பழக்கம் ஒரு நாளில் வந்ததன்று. அந்நிய பாஷைக்காரனின் சங்கடத்தைத் தீர்க்க வேண்டும் என்று ஜெர்மானியர் சிலர் இரண்டு நூற்றாண்டுகளாகவே சிந்தித்து வந்திருக்கிறார்கள். ரைன் நதிக் கரையிலுள்ள கோப்லென்ஸ் நகரில் 1827இல் புத்தக வியாபாரம் தொடங்கிய கார்ல் பேடெக்கர் என்பவர் அவர்களில் முதன்மையானவர். அக்காலத்தில் அயலூருக்குப் போகிறவன், இறங்கிய இடத்தில் தன்னைச் சூழ்ந்துகொள்ளும் கூலி வழிகாட்டிகளிடத்திலும் விடுதிக்காரர்களிடத்திலும் அகப்பட்டு, அவர்கள் காட்டியதைக் கண்டு, கேட்டதைக் கொடுத்துத் திரும்ப வேண்டியிருந்தது. எந்த விடுதியில் என்ன வாடகை, எந்தக் கோபுரத்தின்மேல் ஏற என்ன கட்டணம், பணியாளுக்கு எவ்வளவு இனாம் கொடுப்பது நியாயம் என்பவற்றையெல்லாம் தாமே நேரில் சென்று விசாரித்து, சட்டைப்பையில் அடங்கும் புத்தகமாகப் பேடெக்கர் அச்சிட்டு வெளியிட்டார். யாரையும் கேளாமலே ஒருவன் ஊர் சுற்றலாம் என்ற சுதந்திரத்தைச் சாமானிய மனிதனுக்கு அளித்தவை அப்புத்தகங்கள். அதோடு நில்லாமல், ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம் ஆகிய நான்கு பாஷைகளிலும் பயணிக்கு வேண்டிய வாக்கியங்களை அருகருகே அடுக்கிய சம்பாஷணைக் கைந்நூல் ஒன்றையும் அவருடைய பதிப்பகம் விற்றது.

அவருக்கு அடுத்த தலைமுறையில் தோன்றிய குஸ்டாவ் லாங்கென்ஷைட், தம் சொந்தச் சங்கடத்திலிருந்தே தொழிலைக் கண்டெடுத்தவர். 1832இல் பெர்லினில் பிறந்த அவர், வியாபாரப் பயிற்சி முடிந்த கையோடு இளைஞராகவே ஐரோப்பாவைச் சுற்றிவரப் புறப்பட்டு, லண்டன் மாநகரில் பாஷை தெரியாமல் ஊமைபோல் இருக்க நேர்ந்த வேதனையை மறக்க மாட்டாதவராய் ஊர் திரும்பினார். ஆசிரியர் இல்லாமல் வீட்டிலிருந்தபடியே அந்நிய பாஷையைக் கற்றுக்கொள்ளும்படி, ஒவ்வொரு சொல்லின் உச்சரிப்பையும் ஒலிக்குறிகளால் காட்டும் தபால் பாடங்களைத் துசேன் என்ற பிரெஞ்சு ஆசிரியருடன் சேர்ந்து அவர் தயாரித்தார். அவற்றை வெளியிட ஒரு பிரசுரகர்த்தரும் முன்வராமையால், 1856இல் தாமே ஒரு பதிப்பகத்தைத் தொடங்கினார். இன்றைக்கும் ஜெர்மனியின் புத்தகக் கடைகளில் மஞ்சள் அட்டையோடு கண்ணைப் பறிக்கும் அகராதிகள் அவர் பெயரைத் தாங்கியே விற்பனையாகின்றன.

இருபதாம் நூற்றாண்டில், சொல்லையே விட்டுவிட்டுப் படத்தால் பேசும் முயற்சி அங்கே மேலோங்கியது. 1972ஆம் ஆண்டு மியூனிக்கில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றபோது, பல தேசத்து ஜனங்களும் ஒருங்கே வந்து கூடும் நகரத்தில் எந்தப் பாஷையில் வழி எழுதுவது என்ற கேள்விக்கு, ஓட்ல் ஐக்கர் என்ற வடிவமைப்பாளரும் அவருடைய குழுவினரும், தலைக்கு ஒரு வட்டமும் உடலுக்கும் கைகால்களுக்கும் சில கோடுகளுமாகிய மனித உருவங்களை வரைந்து விடை அளித்தார்கள். 1964இல் டோக்கியோ நகரம் காட்டிய வழியே அது என்றாலும், நேர்கோட்டையும் சாய்கோட்டையும் அடிப்படையாகக் கொண்ட ஐக்கரின் கட்டுக்கோப்பு, பிற்காலத்தில் உலகெங்கிலும் விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் நாம் காணும் குறிகளுக்கு ஒரு முன்மாதிரியாயிற்று. அதற்கும் முன்பே, 1961இல், கிழக்கு பெர்லினில் போக்குவரத்து மனோதத்துவ நிபுணராக இருந்த கார்ல் பெக்லாவ் என்பவர், சாலை கடக்கும் விளக்கினுள் தொப்பி அணிந்த ஒரு குட்டி மனிதனைக் குடியேற்றினார். சிவப்பு வெளிச்சத்தில் இரு கைகளையும் விரித்து வழி மறிப்பவனாகவும், பச்சை வெளிச்சத்தில் உற்சாகமாய் அடியெடுத்து நடப்பவனாகவும் அவன் காட்சியளிப்பதால், எழுத்தறியாத குழந்தைக்கும் பார்வை மங்கிய கிழவருக்கும் பொருள் விளங்காமற் போவதில்லை. 1990இல் ஜெர்மனி ஒன்றான பின்னர் அவனை அகற்ற அதிகாரிகள் முனைந்தபோது ஜனங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. இன்று மேற்கு பெர்லினிலும் அவனே நின்று வழி காட்டுகிறான்.

இனி, ஒரு ரயில் நிலையத்திற்குள் நுழைந்து பார்ப்போம். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒட்டப்பட்ட பெரிய அச்சுத்தாள்கள் இரண்டு நிறங்களில் இருக்கக்கூடும்: மஞ்சள் தாள் புறப்படும் வண்டிகளுக்கு, வெள்ளைத் தாள் வந்துசேரும் வண்டிகளுக்கு. இந்த ஒரு பேதத்தை அறியாதவர், வெள்ளைத் தாளின் முன்னால் நின்று தம் வண்டியை அரைமணி நேரம் தேடினாலும் காண மாட்டார். மஞ்சள் தாளில் நள்ளிரவு தொடங்கி இருபத்துநான்கு மணிக் கணக்கில் நேர வரிசையாக வண்டிகளின் பெயரும், அவை நிற்கும் ஊர்களும், கடைசியில் மேடையின் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். மேடைக்குச் சென்றால், அதன் நீளம் முழுவதும் ஏ, பி, சி என்று ஆங்கில எழுத்துக்கள் தொங்குகின்றன. நம் பயணச்சீட்டில் கண்ட பெட்டி எந்த எழுத்துக்கு நேராக வந்து நிற்கும் என்பதை அங்குள்ள படமோ மின்பலகையோ காட்டிவிடும். வண்டி வந்தபின் பெட்டியைத் தேடி மூட்டை முடிச்சுகளோடு ஓடவேண்டிய சிரமம் இல்லை. ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவேண்டிய தேவையும் இல்லை.

நகரத்து ரயில்களில் வேறொரு விசித்திரம் உண்டு. சுரங்க ரயில் நிலையங்களில் தடுப்புக் கதவுகளே இல்லை. சீட்டு வாங்கினீர்களா என்று வாயிலில் நின்று கேட்பாரும் இல்லை. இதைக் கண்டு, இலவசமோ என்று மயங்கிவிடலாகாது. பல நகரங்களில், இயந்திரத்தில் வாங்கிய காகிதச் சீட்டை மேடையிலோ வண்டிக்குள்ளோ உள்ள சிறு பெட்டியின் வாயில் நுழைத்து, தேதியும் நேரமும் பதியச் செய்த பிறகே அது செல்லும். அவ்விதம் பதியாத சீட்டு, வாங்காத சீட்டுக்குச் சமம். சாதாரண உடையில் வண்டியில் ஏறும் பரிசோதகர், கதவு மூடியதும் அடையாள அட்டையை எடுத்துக் காட்டிச் சோதனையைத் தொடங்குவார். அபராதம் 60 யூரோ. விதி எழுதி வைக்கப்பட்டிருக்கிறது, பார்த்து நடப்பது உன் பொறுப்பு என்பதே அங்குள்ள தர்மமாகையால், பாஷை தெரியாது என்பது சமாதானமாக ஏற்கப்படுவது அரிது. எழுத்தை நம்பும் தேசத்தின் சௌகரியமும் கண்டிப்பும் ஒரே இடத்திலிருந்து வருபவை என்பதை இங்கே காணலாம். ஒரு மாதம்போல் தங்கி ஊர் ஊராகச் சுற்ற எண்ணுகிறவர், 2023 மே மாதத்தில் 49 யூரோ கட்டணத்தில் தொடங்கிப் பின்னர் விலை ஏறிய தேசிய மாதச் சீட்டை எடுத்துக்கொண்டால், நகரப் பேருந்துகளிலும் சுரங்க ரயில்களிலும் உள்ளூர் ரயில்களிலும் மண்டலக் கணக்கும் கட்டணக் கணக்கும் பாராமல் ஏறி இறங்கலாம். அதிவேக ரயில்களுக்கும் பிற தொலைதூர ரயில்களுக்கும் மட்டும் அது செல்லாது.

எண்களைக் குறித்து ஓர் எச்சரிக்கை. ஜெர்மானியர் பேசும்போது ஒற்றை இலக்கத்தை முன்னும் பத்தின் இலக்கத்தைப் பின்னுமாகச் சொல்வது வழக்கமாதலால், நாற்பத்தைந்து என்று அவர்கள் சொல்வது ஐம்பத்துநான்கு என்பதுபோல் நம் காதில் விழக்கூடும். எட்டு மணியோடு அரையைச் சேர்த்துச் சொன்னால் அது எட்டரை அன்று, ஏழரை. ஆகவே, விலையானாலும் நேரமானாலும், ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டி எழுதிக் காட்டச் சொல்வதே உத்தமம். அங்கே கையெழுத்தில் ஒன்றுக்கு நீண்ட கொக்கி இட்டு எழுதுவார்கள். நாம் அதை ஏழு என்று படித்துவிடுவோம் என்று அஞ்ச வேண்டியதில்லை, ஏழுக்கு அவர்கள் நடுவே ஒரு குறுக்குக் கோடு போடுவார்கள். காசுக் கணக்கில் நாம் புள்ளி வைக்கும் இடத்தில் அவர்கள் காற்புள்ளி வைக்கிறார்கள் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

விரல் காட்டுவதிலும் நுட்பம் இருக்கிறது. ரொட்டிக் கடையில் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பண்டத்தைச் சுட்டிக்காட்டி, ஒன்று வேண்டும் என்பதற்கு நாம் ஆட்காட்டி விரலை நிமிர்த்துவோம். ஜெர்மானியர் கட்டை விரலிலிருந்தே எண்ணத் தொடங்குகிறவர்கள். கட்டை விரல் மாத்திரம் ஒன்று, அதனோடு ஆட்காட்டி விரலும் சேர்ந்தால் இரண்டு. கட்டை விரலும் சற்று விலகி நிற்க ஆட்காட்டி விரலை நீட்டினீர்களானால், கடைக்காரப் பெண்மணி இரண்டு ரொட்டிகளைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார். தண்ணீர்ப் பாட்டில் வாங்கும்போது விலைக்கு மேலே 25 சென்ட் கூடுதலாக விதிக்கப்படுவதைக் கண்டு ஏமாற்றப்பட்டோம் என்று எண்ண வேண்டாம்; அது பாட்டிலுக்கான முன்பணம். காலிப் பாட்டிலை நசுக்காமல் கொண்டுபோய், பல்பொருள் அங்காடியின் உள்ளே சுவரில் பதித்த இயந்திரத்தின் வட்டத் துவாரத்தில் இட்டால், அது பாட்டிலைச் சுழற்றிப் பார்த்து உள்ளே இழுத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தியதும் ஒரு ரசீதைக் கக்கும். அதைக் கல்லாவில் நீட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும்.

இத்தனை சொன்னாலும், கண் கைவிடும் இடங்கள் சில உண்டு என்பதை மறைப்பது நியாயமாகாது. ஜெர்மன் ரயில்கள் கடிகாரம்போல் ஓடும் என்பது பழைய கீர்த்தி. 2024ஆம் ஆண்டில் தொலைதூர ரயில்களில் நூற்றுக்கு அறுபத்திரண்டரைதான் நேரத்தில் வந்தன என்பது அந்த ரயில்வேயே ஒப்புக்கொண்ட கணக்கு. வண்டி தாமதமாகும்போதும், கடைசி நேரத்தில் மேடை மாறும்போதும், மஞ்சள் தாள் பயன்படாது. ஒலிபெருக்கியே பேசும், சிறிய நிலையங்களில் அது ஜெர்மனில் மாத்திரமே பேசும். இன்னொன்று இதைவிடச் சங்கடமானது. பெர்லினிலிருந்து மேற்கே போகும் அதிவேக வண்டிகள் சில, ஹம் என்ற நகரத்தில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி டார்ட்மண்ட், எஸென் வழியாகவும், மற்றப் பாதி ஹாகன், வுப்பர்டால் வழியாகவும் போய்விடும். தவறான பாதியில் உட்கார்ந்திருப்பவர் சன்னலோரக் காட்சியை ரசித்துக்கொண்டே வேறோர் ஊர் போய்ச் சேருவார். அறிவிப்பு விளங்காதவர், ஏறும்போதே பெட்டியின் பக்கத்தில் எழுதியுள்ள ஊர்ப்பெயரைத் தம் சீட்டோடு ஒத்துப் பார்ப்பதும், எல்லோரும் திடீரென்று எழுந்து நடந்தால் தாமும் எழுந்து, அடுத்திருப்பவரிடம் சீட்டை நீட்டிக் காட்டுவதும்தான் பரிகாரம். ரயில்வேயின் கைப்பேசிச் செயலி இம்மாற்றங்களை உடனுக்குடன் எழுத்தில் காட்டுகிறது. கொலோன் நகரத்து டீப்எல் முதலான மொழிபெயர்ப்புச் சாதனங்களும், கேமராவைக் காட்டினால் பலகையைப் படித்துச் சொல்லும் செயலிகளும் இன்று பேடெக்கரின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

உணவும் மருந்தும் வாய்ச்சொல்லுக்கு விடத் தகாத விஷயங்கள். சைவ உணவுக்காரர், பொரித்த உருளைக்கிழங்குதானே என்று நம்பிக் கேட்ட தட்டில் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்து வருவது அங்கே சர்வ சாதாரணம். மாமிசம், மீன், முட்டை வேண்டாம் என்பதை ஜெர்மனில் ஒரு சீட்டில் எழுதி வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது பெரியவர்களுக்கு மிகவும் உபயோகமாகும். மருந்துக் கடையை, வெள்ளைப் பின்னணியில் பாம்பும் கிண்ணமும் பொறித்த சிவப்பு ஆங்கில ஏ எழுத்தைக் கொண்டு அடையாளம் காணலாம். இரவில் எந்தக் கடை முறை வைத்துத் திறந்திருக்கும் என்ற விவரம் மூடிய கடையின் கதவிலேயே தெரியும்படி இருக்கும். நாம் உண்ணும் மாத்திரையின் வியாபாரப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. அதன் ரசாயனப் பெயரை எழுதி வைத்திருந்தால் உலகெங்கும் புரியும். ஆபத்துக்கு 112, போலீசுக்கு 110. ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தபட்சம் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதால், அந்தப் பத்திரத்தின் பிரதி எப்போதும் கைவசம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். அந்த நாளின் ஓய்வுக்கு அரசியல் சட்டமே பாதுகாப்பு அளித்திருப்பதால், சனிக்கிழமை மாலைக்குள் பாலும் காய்கறியும் வாங்கிவிடாதவருக்கு ரயில் நிலையத்துக் கடைகளே கதி.

ஜனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய நகரங்களில் இளைஞர்கள் ஆங்கிலம் பேசுவார்கள். முன்னாள் கிழக்கு ஜெர்மனியின் சிற்றூர்களில் முதியோர் பள்ளியில் கட்டாயமாகப் படித்தது ருஷ்ய பாஷை, ஆகையால் அங்கே நம் ஆங்கிலமும் செல்லாது. ரயிலில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் மௌனமாக உட்கார்ந்திருப்பது கோபமன்று, பிறருக்குத் தொந்தரவு தரலாகாது என்ற சம்பிரதாயம். ஆனால் கடைக்குள் நுழையும்போதும், டாக்டரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போதும் வணக்கம் சொல்லாதவரை அவர்கள் மரியாதை அறியாதவராகவே எண்ணுவார்கள். குட்டன் டாக் என்று ஆரம்பித்து, பிட்டே என்று வேண்டி, டாங்க்கே என்று முடிப்பவரிடம், அதற்குமேல் அவர் சைகையாலேயே பேசினாலும், எதிரிலிருப்பவர் முகம் மலர்ந்து உதவி செய்வதைக் காணலாம். கண்ணால் தேசத்தைப் படித்துவிடலாம். மனிதரை அணுக இவ்வளவாவது வாய் திறந்தாக வேண்டும்.

ஜெர்மனிக்குப் போகும் இந்த வழியில் நமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து, திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு மணலில் எழுதித் தமிழ் கற்ற சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1714இல் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது, மலையப்பன் என்ற தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துச் சென்றார். 1716இல் ஹாலே நகரில் லத்தீன் பாஷையில் அச்சான தமிழ் இலக்கண நூலின் பின்னால், அந்த இளைஞரின் தமிழும் நின்றது. பள்ளிப் படிப்பு மிகச் சிறிதே பெற்ற பெரியார் ஈ. வெ. ராமசாமி, ஆங்கிலம் கற்ற எஸ். இராமநாதனைத் துணையாகக் கொண்டு ஐரோப்பிய யாத்திரை செய்து, 1932இல் ருஷ்யாவிலிருந்து பெர்லினுக்கு வந்து தங்கி, தாம் கண்டதையெல்லாம் தம் கண்ணோட்டத்திலேயே எடைபோட்டுக்கொண்டு போனார்.

இவர்களெல்லாம் திரும்பி வரும் நாள் தெரிந்து போனவர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் புறப்பட்ட ஈழத் தமிழர்கள் அப்படியல்லர். கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக் தெரு ரயில் நிலையம் வழியாக மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து தஞ்சம் கேட்ட அவர்களுக்கு, யேர்மனி என்று தாங்கள் அழைக்கும் அந்நாட்டில் வழிகாட்டிப் பலகைகள் மாத்திரம் போதவில்லை. அலுவலகத்தின் நீண்ட கடிதத்தையும், பிள்ளையின் பள்ளி அறிக்கையையும், மருத்துவரின் கேள்வியையும் விளங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அங்கே வளர்ந்த பிள்ளைகள் டொச் எனப்படும் ஜெர்மன் பாஷையைத் தாய்மொழிபோல் கற்றுக்கொண்டு, எத்தனையோ வீடுகளில் பெற்றோருக்குத் துபாஷிகளானார்கள். ரயில் இரண்டாகப் பிரியும் அதே ஹம் நகரத்தில், 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம், தமிழ்நாட்டுக் கோபுர அமைப்போடு எழுந்து நிற்பது, அவர்கள் யாத்ரீகர்களாக அன்றிக் குடிகளாகவே அங்கு வேரூன்றியதற்குச் சாட்சி.

ஜெர்மானிய அரசாங்கமும் இந்தப் பேதத்தைச் சட்டமாகவே வகுத்திருக்கிறது. எந்த 180 நாட்களிலும் 90 நாள் வரை சுற்றிப் பார்க்க வருகிறவரிடம் ஜெர்மன் தெரியுமா என்று அது கேட்பதில்லை. கணவனோடோ மனைவியோடோ சேர்ந்து வாழ வருகிறவரோ, உயர்திறன் பணியாளரின் துணைவர் போன்ற சிலருக்கு அளித்த விலக்கு நீங்கலாக, 2007 முதல் ஏ1 என்னும் ஆரம்பப் பரீட்சையில் தேறியாக வேண்டும். சென்னையில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் அழைக்கும் கோதே நிலையத்தில் இந்தப் பரீட்சை நடைபெறுகிறது. அங்கேயே தங்கிவிடுகிறவர்களுக்காக 2005 முதல் அரசின் ஏற்பாட்டில் நடந்துவரும் வகுப்புகளில், இப்போது 600 பாடவேளை பாஷையும் 100 பாடவேளை அந்நாட்டு வாழ்க்கை முறையும் கற்பிக்கப்படுகின்றன.

ஆகவே, பேரக்குழந்தையைப் பார்க்கவோ, பொருட்காட்சியைப் பார்க்கவோ புறப்படுகிறவர்கள் பாஷை தெரியவில்லையே என்று பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். மஞ்சள் தாளையும் மேடையின் எண்ணையும் படிக்கத் தெரிந்து, மருந்துச் சீட்டும் உணவுச் சீட்டும் பையிலிருந்து, மூன்று மரியாதைச் சொற்கள் நாவிலிருந்தால் போதும், தைரியமாகப் போய் வரலாம். அங்கே வேலைக்கும் வாழ்வுக்கும் போகிறவர்கள் மட்டும், விமானச் சீட்டு எடுக்கும் முன்பே ஜெர்மன் வகுப்பில் சேர்ந்துவிடுவது நல்லது.